விருந்தாளியாக இருக்கத் தெரியாத மாமி

மாமியை யாருடைய வீட்டிலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவைக்க முடிந்ததில்லை. நான் முயன்றிருக்கிறேன். என் அம்மா ஆயுள் முழுக்க முயன்றார். ஒரு பல் வைத்தியரும் தன்னை அறியாமல் முயன்று தோற்றார். அவருடைய காத்திருப்பு அறையில் வாடிக் கிடந்த நாலு பூச்சாடிகளுக்கும் மாமி தண்ணீர் ஊற்றினார், காய்ந்த இலைகளைக் கிள்ளினார், பழைய சஞ்சிகைகளைப் பெரிது சிறிதாக அடுக்கினார். உதவியாளர் வந்து பெயரைக் கூப்பிட்டபோது, "ஒரு நிமிசம்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, கடைசிச் சாடியை வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைத்த பிறகே பல்லைக் காட்டப் போனார்.

கேட்டால் ஒரே பதில்தான். "சும்மா இருக்க நான் என்ன சுவரில கொழுவின படமே?"

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. பிராங்பேர்ட்டின் மேற்கு ஓரத்தில், எஸ்-பான் ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் கிலுங்கும் ஒரு அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில் எங்கள் கதவும் அவர் கதவும் எதிரெதிராக இருந்தன. யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி வயதில் மூத்த பெண், ஆகவே மாமி. அழைப்பு மணியில் இருந்தது, காலமாகிப்போன அவர் கணவரின் பெயர். பிள்ளைகள் இல்லை. மாமியின் சொந்தப் பெயர் என்னவென்று முப்பத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பூவின் பெயர், அழகான பெயர்.

"இதுவோ மாமி உங்கட பேர்?"

"ஓம். ஒருத்தரும் பாவிக்காததால இன்னும் புதுசாக் கிடக்கு."

அந்த விமான நிலையத்தின் பின்பக்கத்தில்தான் அவர் இருபத்தேழு வருடம் வேலை செய்தார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம். ஒரு தட்டில் பாண் எங்கே, வெண்ணெய் எங்கே, பழத்துண்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பார். உலகத்தின் எல்லா ஊர்களுக்கும் அவர் கட்டிய சாப்பாடு போனது. அவர் மட்டும், அகதியாக வந்து இறங்கியதற்குப் பிறகு, இரண்டே தடவைதான் விமானம் ஏறியிருந்தார்.

ஜுன்னை நான் முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில் அம்மாவைவிட மாமிதான் கடுமையான பரீட்சை வைத்தார். ஜுன் சீனாவில் சாங்ஷா என்ற நகரத்தில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோரிடம் ஜெர்மனிக்கு வந்தவன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் எழும்பிப் போய்க் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். மாமி என் காதில் சொன்னார்:

"நல்ல பொடியன். நம்பிக் கட்டலாம்." பிறகு குசினிக்குப் போய் அந்தக் கோப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆனால் அடிப்பக்கம் கழுவேல்லை" என்று திரும்பக் கழுவினார்.

அம்மா எங்கள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. நாலு மாதம் முன்னதாகப் போய்விட்டார். அம்மா வருத்தமாகப் படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று மாமியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. பதிவுத் திருமண அலுவலகத்தில் என் பக்கத்துச் சாட்சிக் கதிரையில் மாமிதான் இருந்தார். இருந்தார் என்று சொல்வதும் சரியில்லை. அதிகாரி வாசிக்கத் தொடங்கும்போது மேசையிலிருந்த பூக்கிண்ணத்தில் தண்ணீர் இல்லாததைக் கண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த அதிகாரி, நான், ஜுன், ஜுன்னின் பெற்றோர் எல்லோரும் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தோம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த நாலு மாதத்தில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

சீனப் பயணம் வந்தது இப்படித்தான். ஜுன்னை ஆறு வயதுவரை வளர்த்தது அவனுடைய அப்பாவின் அக்கா. அப்பாவின் அக்காவை அவர்கள் ‘கூமா’ என்பார்கள். சாங்ஷாவில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. எங்கள் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை, காகிதங்கள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்த ஆற்றாமை அவருக்கு. பெண்ணையும் பெண் வீட்டாரையும் கூட்டி வா, இங்கே ஒரு விருந்து வைத்தால்தான் எனக்கு அது கல்யாணம் என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னார்.

பெண் வீட்டார் என்று எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு மாலை படியில் நின்று இதை மாமியிடம் சொன்னேன். அவர் கையில் குப்பைப் பை.

"பொம்பிளை பக்கத்தில ஒரு ஆளும் இல்லாமல் போறதோ? நல்லா இருக்காது. நான் வாறன்."

அடுத்த ஸ்டேசனுக்கு வருவதுபோலச் சொல்லிவிட்டுக் குப்பை கொட்டப் போனார்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. மாமி மூடியைத் திறந்து நீதிபதிபோலப் பார்த்தார். "தக்காளியை இந்தப் பக்கம் வைச்சால் பாண் நனையும். ஆர் கட்டினது?" சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் வரிசைத் தட்டுகளை வாங்கி, மிச்சங்களை ஒன்றில் சேர்த்து, கிண்ணங்களைக் கிண்ணங்களுக்குள் போட்டு, முள்ளுக்கரண்டிகளை ஒரு கட்டாக்கினார். பிறகு முன் வரிசை. பிறகு பின் வரிசை. தள்ளுவண்டியோடு வந்த பணிப்பெண் வாயைத் திறந்தபடி நின்றார். அரை மணித்தியாலம் கழித்து நான் கண்விழித்தபோது மாமியின் இருக்கை வெறுமையாக இருந்தது. அவர் விமானத்தின் பின்பக்கத்தில் திரைச்சீலைக்கு அப்பால் நின்று, தட்டுகளை எப்படி அடுக்கினால் வண்டியில் இன்னும் பத்துப் பிடிக்கும் என்று இரண்டு பணிப்பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஷாங்காயில் இறங்கி, அங்கிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணித்தியாலம். சாங்ஷா நிலையத்தில் சனக்கூட்டம் அலை அலையாக வந்தது. ஜுன் பெட்டிகளோடு பின்னால் மாட்டிக்கொண்டான். வெளிவாசலில் என் பெயரை எழுதிய அட்டையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒரு அம்மாள் நின்றார். கட்டையான உருவம், வெட்டிய முடி, பேருந்து ஓட்டியவருக்கே உரிய தோள். நான் திரும்பிக் கத்தினேன்:

"மாமி! இஞ்சால வாங்கோ, மாமி!"

அந்த அம்மாளின் முகம் மாறியது. அட்டை கீழே விழுந்தது. என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு, "மாமி!" என்று சொல்லிக்கொண்டு ஓடி, மாமியின் இரண்டு கைகளையும் பிடித்து, தன் நெஞ்சில் வைத்து, அழவே தொடங்கிவிட்டார். மாமி திகைத்தார். பிறகு அவருக்கும் கண் கலங்கியது. "என்ன ஒரு பாசமான மனிசி, பிள்ளை! என்ர பேரும் தெரிஞ்சிருக்கு!"

ஜுன் வந்து சேர்ந்து, கூமா பேசுவதைக் கேட்டான். அவன் முகம் வெளிறியது.

"சீன மொழியில் ‘மாமி’ என்றால் என்ன தெரியுமா?" என்று ஜெர்மனில் என்னிடம் கேட்டான். "அம்மா. செல்லமாக அம்மாவைக் கூப்பிடுவது."

அம்மா இறந்த செய்தியை ஜுன்னின் அப்பா தன் அக்காவுக்குச் சொல்லியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று தள்ளிப்போட்டவர், பிறகு சொல்லவே இல்லை. அப்பா சொல்லியிருப்பார் என்று ஜுன் நினைத்திருந்தான். ஆகவே கூமாவின் கணக்கில், பெண்ணைப் பெற்றவர் உயிரோடு, புடவையும் குளிர்க்கோட்டுமாக, இதோ முன்னால் நிற்கிறார். வாடகைக் காரில் ஏறுவதற்குள் கூமா மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். குடியிருப்பு வாசலில் காவலாளி எழுந்து நின்று வணங்கினார். ஆறாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தலைக்கும் கூமா மூச்சிரைக்க அறிமுகம் செய்தார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு மாமியிடம் விசயத்தைச் சொன்னோம். மாமி கட்டிலில் விழுந்து, தலையணையை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நான் பெத்ததே உன்னை? இவ்வளவு உயரமாவோ?"

சிரிப்பு அடங்கியதும் யோசித்தார். "இப்ப போய்ச் சொன்னால் அந்த மனிசிக்கு முழுக் கட்டிடத்துக்கு முன்னாலும் வெக்கமாப் போடும். நாளைக்குச் சொல்லுவம்."

மறுநாள் கூமா அதிகாலையிலேயே போய்ச் சூடான அரிசி நூடில்ஸ் வாங்கி வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு என்றோம். அந்த நாளைக்கு வரவே இல்லை.

உண்மையான சண்டை குசினியில் நடந்தது. சீன வீட்டில் பெண்ணைப் பெற்ற தாய் வந்தால் அவருக்குமேல் விருந்தாளி கிடையாது. அவர் கையால் ஒரு கரண்டியை நகர்த்தினாலும் வீட்டுக்காரிக்கு அவமானம். மாமிக்கோ கரண்டியை நகர்த்தாவிட்டால் மூச்சு முட்டும். முதல் நாள் காலையில் சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். கழுவும் தொட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் நிறைந்த புன்னகை. இரண்டு பேருக்கும் வேர்த்திருந்தது.

"விடுங்கோ அக்கா, நான் கழுவுறன்!"

கூமா சீனத்தில் ஏதோ கத்தினார். தலை கலைந்தபடி வந்த ஜுன் சொன்னான், "அவரும் அதைத்தான் சொல்கிறார்."

இரண்டாம் நாள் வீடு கூட்டும் தும்புத்தடியைக் காணவில்லை. கூமா அதை அலுமாரிக்கு மேல் ஒளித்துவிட்டார். மாமி தன் கைலேஞ்சியால் மேசையைத் துடைத்தார். மூன்றாம் நாள் கூமா குசினிக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் மாமி நின்று, வெங்காயம் வெட்டும் சத்தத்தைக் காதால் கேட்டு, "பெரிசாப் போடுறா" என்று கவலைப்பட்டார். அந்தக் கதவிடுக்கால் வந்த மிளகாய் மணத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தும்மல். சாங்ஷாவில் காலைச் சாப்பாட்டுக்கும் மிளகாய் உண்டு. அந்த ஊரை மாமிக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அது.

குசினியை இழந்த மாமி ஆறு மாடியும் இறங்கி முற்றத்துக்குப் போனார். அது எங்கள் பிராங்பேர்ட் முற்றம் மாதிரி இல்லை. அங்கே குப்பைத் தொட்டிகளும் ‘விளையாடக் கூடாது’ என்ற அறிவிப்பும் மட்டும்தான். இங்கே காலை ஏழு மணிக்கே நாடகக் கொட்டகைபோல இருந்தது. ஒருவர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். ஒருவர் மரத்தை முதுகால் இடித்துக்கொண்டிருந்தார். ஒரு முதியவர் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நிலத்தில் எழுத்து எழுதினார். வரி முடியுமுன்னரே முதல் எழுத்து காய்ந்து மறைந்தது. ஆளுக்கொரு சுடுதண்ணிப் போத்தல். படிக்கட்டோரம் நாலைந்து பெண்கள் கங்குன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மாமி ஒரு சொல்லும் பேசாமல் குந்திக்கொண்டு ஒரு பிடியை எடுத்தார். அவர் கை போன வேகத்தைப் பார்த்து அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

வாசல் காவலாளி எதையோ சப்பிக்கொண்டிருந்ததை மாமி மோப்பம் பிடித்தார். அவர் சின்னப் பைக்கற்றை நீட்டினார். மாமி ஒன்றை வாயில் போட்டார். கண் விரிந்தது.

"பிள்ளை! பாக்கு! இது பாக்கெல்லோ! என்னத்தையோ இனிப்பாப் பூசி வைச்சிருக்கினம், ஆனால் பாக்குத்தான்!" காது சிவந்து, தலை கிறுகிறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னொன்று கேட்டார்.

நாலாம் நாள்தான் அந்தப் போர்வை விசயம். நல்ல வெயில். கட்டிடம் முழுக்கத் தன் பஞ்சுப் போர்வைகளை முற்றத்துக் கொடிகளிலும், செடிகளிலும், உடற்பயிற்சிக் கம்பிகளிலும் காயப்போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உறங்கிவிட்டார்கள். அது அங்கே பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஒரு நியமம். மாமி உறங்கவில்லை. யன்னலால் பார்த்தவர் மேற்கே கறுத்து வருவதைக் கண்டார். நான் எழும்பி வருவதற்குள் அவர் கீழே நின்றார்.

"மழை! மழை! எழும்புங்கோ!" என்று ஆறு மாடிக்கும் கேட்கக் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. முதல் துளி விழுந்தது. மாமி ஓடினார். பூப்போட்டது, கோடுபோட்டது, டிராகன் போட்டது, எல்லாவற்றையும் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்து மண்டபத்துக்கு ஓடினார். அங்கே சீட்டு விளையாடும் மேசைகள் இருந்தன. நானும் ஓடினேன். மழை கொட்டத் தொடங்கியபோது கொடியில் ஒன்றும் இல்லை.

இடிச் சத்தத்தில் கண்விழித்தவர்கள் யன்னலால் பார்த்திருக்கிறார்கள். கொடிகள் வெறுமை. கள்ளன் என்று ஒரு குரல். ஆறு மாடியும் செருப்புச் சத்தமாக இறங்கியது. மண்டபத்துக்குள் பாய்ந்தவர்கள் கண்டது, இருபத்திரண்டு போர்வைகளையும் மடித்து, நிறவாரியாக அடுக்கிவிட்டு, நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு நின்ற ஜெர்மன்காரச் சம்பந்தியை.

பிறகு எழுந்த ஆரவாரத்தில் மண்டபம் அதிர்ந்தது. தூரிகை முதியவர் கைதட்டினார். யாரோ மாமிக்குச் சுடுதண்ணி கொடுத்தார்கள், யாரோ தலையைத் துவட்டினார்கள். அன்று மாலை கூமாவின் கதவை ஒவ்வொரு வீட்டாரும் தட்டினார்கள். தோடம்பழம், பொரித்த பலகாரம், உப்பிட்ட முட்டை. உயிரோடு ஒரு தாரா வாத்தும் வந்தது.

கூமா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வைத்து நன்றி சொல்லிவிட்டு, ஜுன்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவன் எங்கள் அறைக்கு வந்து, ஒவ்வொரு வசனமாக எனக்கு ஜெர்மனில் சொன்னான். நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன்.

"என் வீட்டில் அவருக்கு என்ன குறை வைத்தேன்? உன் கல்யாணத்துக்கு என்னால் வர முடியவில்லை. உனக்குச் சட்டை போட்டுவிட்டவள் நான், உன் கல்யாணச் சட்டையை உள்ளங்கை அளவு திரையில்தான் பார்த்தேன். இங்கே இருக்கிற நாளிலாவது அந்தத் தாயை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தேன். அவர் ஊராரின் போர்வையைச் சுமக்கிறார். நான் கொடுக்கிற எதையும் வாங்க மாட்டேன் என்கிறார்."

மாமி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"நான் அவவை யோசிக்கேல்லை, பிள்ளை," என்றார். "என்ர கையைத்தான் யோசிச்சன்."

அடுத்த இரண்டு நாளும் மாமி விருந்தாளியாக இருந்தார். சோபாவின் நடுவில், முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் கோர்த்து வைத்துக்கொண்டு இருந்தார். கூமா பழம் வெட்டிக் கொடுத்தார், மாமி வாங்கினார். கால் கழுவச் சுடுதண்ணி கொண்டுவந்தார். மாமி காலை நீட்டினார். கூமாவின் முகம் பொங்கல் பானைபோலப் பூரித்தது. மாமியின் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. கால் கழுவிய அன்று அறைக்கு வந்து அழுதார். வேலை இல்லாததற்கு அழவில்லை.

"உன்ர அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை எனக்குச் செய்யுறா. நான் வாங்கிக்கொண்டிருக்கிறன். இது களவு, பிள்ளை."

விருந்து ஞாயிறு மத்தியானம். எட்டு வட்ட மேசைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சுழலும் கண்ணாடித் தட்டு, அதில் சிவப்பு மிளகாய் மூடிய பெரிய மீன்தலை. கட்டிடம் முழுவதும் வந்திருந்தது. காவலாளி கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வாசலைப் பார்த்த பெரிய கதிரை மாமிக்கு. பக்கத்தில் கூமா. நானும் ஜுன்னும் எதிரே. கூமா எழுந்து பேசினார். பேருந்து ஓட்டிய குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை. பிறகு கோப்பையை மாமி பக்கம் உயர்த்தினார். பெண்ணைப் பெற்ற தாய் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

மாமி எழுந்தார். கோப்பையைத் தொடவில்லை.

"நான் இந்தப் பிள்ளையின்ர தாயில்லை," என்றார் தமிழில்.

ஜுன்னுக்கு ஜெர்மனில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். "சொல்லவா?"

"சொல்லு தம்பி. ஒண்டும் விடாமல் சொல்லு."

ஆறு வயதுப் பிள்ளையின் சீனத்தில் ஜுன் சொன்னான். எட்டு மேசையிலும் கரண்டிச் சத்தம் நின்றது.

"இவவுக்கு ஒரு நல்ல தாய் இருந்தவ. செத்துப் போனா. நான் எதிர்வீட்டுக்காரி. எங்கட ஊரில மூத்த ஆக்களை மாமி எண்டுதான் கூப்பிடுறது. நீங்கள் பிழையா விளங்கினியள், அது உங்கட பிழை இல்லை. தெரிஞ்சு கொண்டும் நான் ஒரு கிழமை வாய் திறக்கேல்லை, அது என்ர பிழை. நீங்கள் என்ர காலைக் கழுவிவிட்டியள். அது எனக்குரியதில்லை. இந்தக் கதிரையும் எனக்குரியதில்லை."

சொல்லிவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளி, அதற்குப் பக்கத்தில் நின்றார்.

கூமாவின் முகம் கல்லாக இருந்தது. காது மடல் மட்டும் சிவந்து வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

ஜுன் சொன்னான், "உன் அம்மா படுக்கையில் இருந்தபோது யார் சமைத்துக் கொடுத்தது என்று கேட்கிறார்."

"மாமி."

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கூமா அடுத்த கேள்வியைக் கேட்டார். கல்யாணத்தில் உன் பக்கத்தில் யார் நின்றது?

"மாமி."

கூமா மூச்சை இழுத்து விட்டார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, பின் மேசைக்கும் கேட்கச் சொன்னார். ஜுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"‘நானும் இவனைப் பெற்றவள் இல்லை. இவனுடைய அம்மா ஜெர்மனியில் இருக்கிறார். அப்படியென்றால் நானும் எழும்பிவிடவா?’"

யாரோ முதலில் சிரித்தார்கள். கூமா மாமியின் தோளில் இரண்டு கையையும் வைத்து, பேருந்தின் கியரைப் போடுவதுபோல ஒரே அழுத்தில் அவரைக் கதிரையில் இருத்தினார். பிறகு விரலை நீட்டி, முகத்துக்கு நேரே, கோபமாக ஒரு வசனம் சொன்னார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஜுன் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னான். மாமி பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்? என்னவாம் பிள்ளை?"

"நீங்கள் சம்பந்தி இல்லை எண்டால் விருந்தாளியும் இல்லையாம். நாளைக்கு விடிய ஐஞ்சரைக்கு எழும்பட்டாம். அந்தத் தாராவை ஆர் உரிக்கிறது எண்டு கேக்கிறா."

மாமி எழும்பி நின்று கூமாவைக் கட்டிப்பிடித்தார். அந்த வேகத்தில் கண்ணாடித் தட்டு சுழன்று மீன்தலை தானாகவே காவலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

மிச்சம் இருந்த ஐந்து நாளும் குசினிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தமிழும் சீனமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கேட்டன. வெங்காயத்தை எவ்வளவு சிறிதாக வெட்டுவது என்பதில் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. மாமி கழுவிய கிண்ணத்தைக் கூமா எடுத்து, அடிப்பக்கம் பார்த்துத் திரும்பக் கழுவியதை என் கண்ணால் கண்டேன். மாமியை விஞ்ச ஒருவர் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பும் நாளில் நிலையத்தில் யாரும் அழவில்லை. அடுத்த வருடம் எப்போது என்பதை இரண்டு பேரும் விரல் மடித்துப் பேசி முடித்திருந்தார்கள். எங்களைக் கேட்கவில்லை.

இது மாமி போகும் மூன்றாவது வசந்தம். இப்போது தனியாகத்தான் போகிறார், ஒரு மாதம் முழுக்க. எதிர்க்கதவு பூட்டிக் கிடக்கும் அந்த மாதத்தில் எங்கள் மாடி ஊமையாகிவிடும். போன ஞாயிறு காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் அழைத்தேன். அங்கே பின்னேரம். கூமா எடுத்தார். முகத்தில் பவுடர், உதட்டில் சாயம், பச்சைப் பட்டு மேற்சட்டை. கட்டிடங்களுக்கிடையே நடனப் போட்டியாம், ஜுன் கேட்டுச் சொன்னான். கூமா திரையைத் திருப்பினார். முப்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் வரிசையில், அதே பச்சை மேற்சட்டையும் அதற்குக் கீழே புடவையுமாக, கையில் சிவப்பு விசிறியோடு மாமி. எல்லோரும் இடப்பக்கம் திரும்பி நிற்க அவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி நின்றார்.

"மாமி! எப்பிடி இருக்கிறியள்?"

"பிறகு எடு பிள்ளை, பிறகு எடு! இப்ப எங்கட முறை!"

கூமாவும் வரிசைக்கு ஓடினார். தொலைபேசியை ஒரு கதிரையில் மல்லாத்தி வைத்துவிட்டார்கள்போல. திரையில் வானம் மட்டும் தெரிந்தது. பாட்டுத் தொடங்கியது, அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்தன, இடையிடையே ஒரு விசிறியின் சிவப்பு ஓரம் வந்து போனது. பாட்டு முடியும்வரை நானும் ஜுன்னும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.